நடிச்சுச் சம்பாதிச்சதெல்லாம் படத்துலயே போச்சு: ஜான் கசாவெட்டிஸ்

இரவுக்காட்சி:
நடிகர் டைரக்டர் ஆவது ஹாலிவுட்டில் புதுசு கிடையாது. வழக்கமா நடப்பது இதுதான்: நடிச்சுப் பேர் வாங்குவார், மார்க்கெட் இருக்கும்போதே ஸ்டூடியோவை மடக்கி ஒரு படத்தை இயக்குவார், ஓடினால் தொடர்வார், இல்லாவிட்டால் திரும்ப மேக்கப் போட்டுக்கொள்வார். ஜான் கசாவெட்டிஸ் விஷயம் தலைகீழ். அவருக்கு நடிப்பு சம்பளம் தரும் வேலை. அந்தச் சம்பளத்தில் செய்ததுதான் சினிமா. 'தி டர்ட்டி டசன்', 'ரோஸ்மேரிஸ் பேபி' பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அந்த முகத்தை ஞாபகம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் படம் எடுத்தவர் என்றே தெரியாது.

சுருக்கமா சொல்றேன். 1929-ல் நியூயார்க்கில் பிறப்பு, கிரேக்கக் குடும்பம். அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் நடிப்புப் படிப்பு. 50-களில் டிவி நாடகங்களில் கொதிக்கிற இளைஞன் வேடங்கள். 1954-ல் நடிகை ஜீனா ரோலண்ட்ஸுடன் கல்யாணம். 1957-ல் ஜீன் ஷெப்பர்டின் ராத்திரி ரேடியோ நிகழ்ச்சிக்கு, தான் நடித்த ஒரு படத்தைப் பற்றிப் பேசப் போகிறார். போன இடத்தில், நடிப்புப் பட்டறையில் நாங்கள் ஒரு காட்சி செய்து பார்த்தோம், சாதாரண மனுஷங்களைப் பற்றிப் படம் வேண்டும் என்றால் நீங்களே ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர்கள் நிஜமாகவே அனுப்பினார்கள், மொத்தம் இரண்டாயிரம் டாலருக்கு மேல். அதில் ஆரம்பித்ததுதான் 'ஷேடோஸ்'. இன்றைக்குக் கூட்டு நிதி என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதை இந்த மனுஷன் அப்போதே செய்துவிட்டார்.

யார் யார் என்னென்ன பார்த்திருக்கீங்க? பிடிக்காதவர்களும் எழுதலாம். பிடிக்காமல் போவதற்கு எல்லா நியாயமும் இருக்கிற ஆள்தான்.

திண்டுக்கல்_தனா:
தல, 'ஷேடோஸ்' பாதியில நிறுத்தினவன் நான். ஜாஸ் மியூசிக், நாலு பேர் சிரிக்கிறான், சண்டை போடுறான், நடந்து போறான். கதை எங்க? கடைசியில, இப்போது நீங்கள் பார்த்தது ஒத்திகையில்லாமல் அந்த நேரத்தில் உருவானதுன்னு கார்டு வேற போடுறாங்களாம். அப்ப டைரக்டர் எதுக்கு?

ஃபோகஸ்_புல்லர்:
//அப்ப டைரக்டர் எதுக்கு?//

தனா, அந்தக் கார்டை நம்பாதீங்க. அந்தப் படத்துக்கு ரெண்டு வடிவம் உண்டு. முதல் வடிவம் 1958-ல் நியூயார்க்கின் பாரிஸ் தியேட்டரில் நள்ளிரவு இலவசக் காட்சியா ஓடிச்சு. பார்த்தவர்கள் முகம் கொடுக்கலை. ஆனா விமர்சகர் ஜோனஸ் மேகஸ் கொண்டாடினார். தன்னோட 'ஃபிலிம் கல்ச்சர்' பத்திரிகையோட முதல் சுதந்திரப் பட விருதையே அதுக்குத்தான் கொடுத்தார். கசாவெட்டிஸுக்குத் திருப்தி இல்லை. கேமராவோட விளையாடியிருக்கேனே தவிர மனுஷங்களைப் பிடிக்கலைன்னு அவருக்கே தோணியிருக்கு. 59-ல் நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டு, காட்சிகளை எழுதி, படத்தின் பெரும்பகுதியைப் புதுசா எடுத்தார். நாம இன்னைக்குப் பார்க்கிறது அந்த ரெண்டாவது வடிவம். மேகஸ் கடுப்பாகி, முன்னாடி கொடுத்த பாராட்டு முதல் வடிவத்துக்குத்தான், இதுக்கில்லைன்னு எழுதிட்டார்.

அதாவது ஒத்திகையில்லாமல் எடுத்ததுன்னு பேர் வாங்கின படம்தான் எழுதித் திருத்தி எடுத்தது.

அப்புறம் சவுண்டு. அனுபவமில்லாத பசங்க, 16 எம்எம், தெருவுல ஷூட்டிங். பேசினதை யாரும் எழுதி வைக்கலை. நடிகர் என்ன பேசினார்னு கண்டுபிடிக்க உதட்டசைவு படிக்கத் தெரிஞ்சவங்களைத் தேட வேண்டியிருந்ததா அவரே சொல்லியிருக்கார். எடிட்டிங் டேபிள்ல உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த நரகம் புரியும்.

கொலம்போ_ரசிகன்:
அந்த முதல் வடிவம் தொலைந்துபோன கதை தனி சினிமா. ரே கார்னி என்ற பேராசிரியர் வருஷக்கணக்காகத் தேடி, 2003 வாக்கில் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தார். நியூயார்க் சுரங்க ரயிலில் யாரோ விட்டுப்போன பெட்டி, கேட்பாரற்ற பொருட்கள் ஏலத்தில் போய், ஒரு வீட்டில் கிடந்தது என்பது அவர் சொன்ன கதை. 2004-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிட்டார். ஜீனா ரோலண்ட்ஸுக்கு அதில் சம்மதமே இல்லை. கணவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை நீ யார் காட்ட என்பது அவர் பக்கம். வரலாறு முக்கியம் என்பது கார்னி பக்கம். நான் ஜீனா கட்சி.

வெண்திரை_வேணி:
நான் கார்னி கட்சி. படைத்தவர் ஒதுக்கியதையெல்லாம் எரித்துவிட்டால் ஆய்வு என்று ஒன்று எதற்கு? சரி, அது வேறு சண்டை.

இரவுக்காட்சி, நீங்கள் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 'ஷேடோஸ்' பெயர் வாங்கியதும் ஹாலிவுட் அவரைக் கூப்பிட்டது, அவரும் போனார். அதைச் சொன்னால்தான் மீதி புரியும். பாரமவுண்ட்டில் 1961-ல் 'டூ லேட் ப்ளூஸ்'. அப்புறம் ஸ்டான்லி கிராமர் தயாரிப்பில் 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்', 1963. நடித்தவர்கள் பர்ட் லங்காஸ்டர், ஜூடி கார்லண்ட். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி பற்றிய கதை. கலிபோர்னியாவில் ஒரு அரசு மருத்துவமனையிலிருந்த நிஜப் பிள்ளைகளையே பெரும்பாலும் நடிக்க வைத்தார். படத்தொகுப்பில்தான் வெடித்தது. இந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பராமரிப்பதுதான் நல்லது என்கிற மாதிரி கிராமரின் வடிவம் முடிந்தது. பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை, கோளாறு பெரியவர்களிடம்தான் என்பது கசாவெட்டிஸ் கட்சி. படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி கிராமர் தன் விருப்பப்படி வெட்டி வெளியிட்டார். அதோடு ஸ்டூடியோக்கள் கதவைச் சாத்திக்கொண்டன.

அந்த அடியில்லாமல் 'ஃபேசஸ்' இல்லை.

இரவுக்காட்சி:
வேணி மேடம் சரியா கொண்டுவந்து நிறுத்தினாங்க. நான் இந்த இழையைத் தொடங்கினதே அங்கிருந்து சொல்லத்தான்.

1965-ல் 'ஃபேசஸ்' ஷூட்டிங். இடம்: அவருடைய சொந்த வீடும் மாமியார் வீடும். 16 எம்எம் கருப்பு வெள்ளை. ஆட்கள்: நண்பர்கள். ஜீனா அப்போது மாசமாக இருக்கிறார். மனைவி வேடத்தில் நடித்த லின் கார்லின், டைரக்டர் ராபர்ட் ஆல்ட்மனிடம் செக்ரட்டரியாக இருந்தவர். சினிமாவில் அதற்கு முன் நடித்ததே கிடையாது. ஸ்பீல்பெர்க் என்கிற பொடியன் கொஞ்ச நாள் எடுபிடியாக வேலை பார்த்தது இந்தப் படத்தில்தான். எடுத்து முடித்தாலும் எடிட்டிங் இழு இழு என்று இழுத்தது. பணம் தீர்ந்தால் வெளியே போய் நடிப்பார், செக் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து ஃபிலிம் ஒட்டுவார். 67-ல் 'தி டர்ட்டி டசன்', 68-ல் 'ரோஸ்மேரிஸ் பேபி' எல்லாம் அப்படி வந்த செக்குகள்தான். 'டர்ட்டி டசன்' அவருக்குத் துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரையே வாங்கிக் கொடுத்தது. 68-ல் 'ஃபேசஸ்' வெளியாகி மூன்று பரிந்துரை: அவருடைய திரைக்கதைக்கு ஒன்று, அதில் நடித்த சீமோர் காசெலுக்கு ஒன்று, அந்த செக்ரட்டரி அம்மாவுக்கு ஒன்று.

தனாவுக்காக இன்னொரு தடவை: திரைக்கதைக்கு.

திண்டுக்கல்_தனா:
சரி தல, குத்தாதீங்க :) ஆனா ஒண்ணு. 'ரோஸ்மேரிஸ் பேபி'யில அவர் நல்லாத்தான நடிச்சிருக்கார்? அப்படியே நடிச்சிருந்தா வசதியா இருந்திருப்பாரே.

கொலம்போ_ரசிகன்:
அந்த செட்டில் அவருக்கும் டைரக்டர் போலன்ஸ்கிக்கும் ஆகவே இல்லை. போலன்ஸ்கிக்கு எல்லாம் அளந்து வைத்த மாதிரி நடக்க வேண்டும். இவர் ஒவ்வொரு டேக்கிலும் வேறு எதையாவது தேடுவார். ஆனால் பலன் படத்துக்குத்தான் போனது. அந்தக் கணவன் பாத்திரத்தில் தெரியும் எரிச்சல், பொய்ச் சிரிப்பு, லட்சியத்துக்காக எதையும் விற்கத் தயாரான முகம், இதெல்லாம் எத்தனை சதவீதம் நடிப்பு என்று எனக்கு எப்போதும் சந்தேகம். வேலை பிடிக்காத இடத்திலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை.

அப்புறம் என் பெயருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 'கொலம்போ' என்ற டிவி துப்பறியும் தொடரில் 1972-ல் வந்த 'எட்யூட் இன் பிளாக்' எபிசோடில் கொலைகாரன் கசாவெட்டிஸ்தான், இசைக்குழு நடத்துநர் வேடம். எதிரே துப்பறிகிற கொலம்போவாக பீட்டர் ஃபாக். நிஜத்தில் உயிர் நண்பர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நோண்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்க அவ்வளவு சுகம்.

பாமா_வாசகி:
எல்லாரும் உச்சி முகர்ந்து முடித்தாயிற்றா? என் பங்குக்கு 'ஹஸ்பண்ட்ஸ்' பற்றிச் சொல்கிறேன்.

1970. கசாவெட்டிஸ், பீட்டர் ஃபாக், பென் கஸாரா. நண்பன் செத்துப்போகிறான், மீதி மூன்று பேர் துக்கம் தாளாமல் குடித்துக் கும்மாளமிட்டு லண்டன் வரை போகிறார்கள். மது விடுதியில் ஒரு நீண்ட காட்சி. மேஜையைச் சுற்றி இருப்பவர்களைப் பாட வைக்கிறார்கள். வயதான ஒரு பெண் பாடுகிறார். இந்த மூவரும் உணர்ச்சி போதவில்லை, உண்மையாகப் பாடு என்று திரும்பத் திரும்ப விரட்டுகிறார்கள். நடுநடுவே அவமானம். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. டைரக்டர் கேமராவை நிறுத்தவே மாட்டார். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கஸாரா வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கிறார். இதையெல்லாம் ஆண்களின் உள்ளக் குமுறல் என்று சிலாகிப்பவர்களிடம் ஒரே கேள்வி: அந்த வீட்டுப் பெண்களுக்குப் படத்தில் எத்தனை நிமிடம்?

பட விளம்பரத்துக்கு டிக் கேவட்டின் டிவி பேட்டி நிகழ்ச்சிக்குப் போய் மூன்று பேரும் தரையில் உருண்டு புரண்டு, ஒரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் வந்ததும் அதே திமிர்தான். வீடியோ கிடைக்கிறது. பாருங்கள்.

ஃபோகஸ்_புல்லர்:
பாமா மேடம், அந்தப் பாட்டுக் காட்சி பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. அவனுங்க மோசமானவனுங்கன்னு காட்டத்தான் அவ்வளவு நேரம் ஓட விடுறார்னு ஒரு வாதம் வைக்கலாம். எனக்கே அந்த வாதம் பாதிதான் நம்பிக்கை.

ஆனா அதே ஆள் நாலே வருஷத்துல 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' கொடுத்தார். ஜீனா தனக்கு ஒரு மேடை நாடகம் எழுதிக் கொடுன்னு கேட்டிருக்காங்க. எழுதினதைப் படிச்சிட்டு, இதை தினம் தினம் மேடையில நடிச்சா உயிரோட இருக்க மாட்டேன்னுட்டாங்க. அதனாலதான் படமாச்சு.

ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நிக் (பீட்டர் ஃபாக்) குழாய் உடைப்பு சரிசெய்யுற வேலை. ராத்திரி முழுக்க வேலை, காலையில பத்துப் பேரை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான். மேபல் (ஜீனா) எல்லாருக்கும் ஸ்பகெட்டி ஆக்கிப் போடுறா. சாப்பாட்டு மேஜையில ஒவ்வொருத்தரா பேர் கேட்கிறா. ஒரு தொழிலாளி ஓபரா பாட ஆரம்பிக்கிறான். மேபல் எழுந்து அவன் வாய்க்குள்ளயே எட்டிப் பார்க்கிற மாதிரி பக்கத்துல போய் நிக்கிறா. எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்து இன்னொருத்தன்கிட்ட போய் ஆட வா வான்னு கூப்பிடுறா. அவன் கூச்சத்துல நெளியுறான். மேஜை மேல ஒரு அமைதி விழுது. நிக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு அதட்டு போடுறான். அவ்வளவுதான், அத்தனை பேரும் தட்டைப் பார்க்கிறாங்க, ஒவ்வொருத்தரா கிளம்புறாங்க. மேபல் என்ன தப்பு பண்ணினா? ஒண்ணும் இல்லை. கொஞ்சம் கூடுதலா அன்பா இருந்தா.

தொழில்ரீதியா என்னை அசர வைக்கிறது இது: தரையில மார்க் கிடையாது. நடிகர் இங்க நின்னு அங்க திரும்பணும்னு ஒண்ணும் கிடையாது. ஒரு ஆளுக்கு லைட் போட மாட்டார். அறை மொத்தத்துக்கும் போட்டுட்டு, போறவன் எங்க வேணாலும் போ, கேமரா உன் பின்னாடி வரும்பார். பல சமயம் கேமராவைத் தோளில் தூக்கினதும் அவரே. ஃபோகஸ் புடிக்கிறவனுக்கு வயித்தைக் கலக்கும். அவுட் ஆன ஷாட்டையும் நடிப்பு நல்லா இருந்தா வெச்சுப்பார். இந்தத் தைரியம் நடிகனா இருந்து டைரக்டர் ஆனவனுக்குத்தான் வரும். மார்க்கைத் தேடி நடக்கிற அவஸ்தை அவருக்குத் தெரியும்.

வெண்திரை_வேணி:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் நிக்கின் அம்மாவாக நடித்தவர் கசாவெட்டிஸின் சொந்த அம்மா, மேபலின் அம்மாவாக ஜீனாவின் சொந்த அம்மா. குடும்பமே உள்ளே.

பணக் கதை இன்னும் சுவாரஸ்யம். ஸ்டூடியோக்கள் கையை விரித்துவிட்டன. கசாவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். பீட்டர் ஃபாக் 'கொலம்போ'வில் சம்பாதித்ததிலிருந்து ஐந்து லட்சம் டாலர் போட்டார். கேமரா, விளக்கு என்று ஓடியவர்களில் பலர் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள். முடித்தால் வாங்க ஆள் இல்லை. தானே விநியோகக் கம்பெனி வைத்து, தியேட்டர் தியேட்டராகப் போன் போட்டு, கல்லூரிகளில் போட்டுக் காட்டி ஓட்டினார். நடிகர் ரிச்சர்ட் ட்ரைஃபஸ் ஒரு டிவி நிகழ்ச்சியில், படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன் என்று சொன்னார். பாராட்டாகத்தான்! அதற்கப்புறம் கூட்டம் வந்ததாகச் சொல்வார்கள்.

ஆஸ்கரில் சிறந்த நடிகை, சிறந்த இயக்குநர் இரண்டு பரிந்துரை. இயக்குநர் விருது கொப்போலாவுக்கு. நடிகை விருது எலன் பர்ஸ்டினுக்கு, 'ஆலிஸ் டஸ்ன்ட் லிவ் ஹியர் எனிமோர்'. அதை இயக்கியவர் ஸ்கோர்செஸி. இந்த ஸ்கோர்செஸியிடம்தான் 'பாக்ஸ்கார் பெர்த்தா' பார்த்துவிட்டு, ஒரு வருஷ உழைப்பை குப்பையில் போட்டிருக்கிறாய், உனக்குச் சொந்தமான கதையை எடு என்று கசாவெட்டிஸ் கட்டிப்பிடித்துக்கொண்டே திட்டினார். அதிலிருந்து 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' வந்தது. சொல்லிக் கொடுத்தவர் வீட்டுக்காரிக்குக் கிடைக்க வேண்டியது சீடன் படத்துக்குப் போனது!

பாமா_வாசகி:
வேணி, அந்தப் படத்தை நான் இரண்டாம் முறை பார்க்க மாட்டேன், ஆனால் மறக்கவும் முடியாது. கடைசியில் நிக் மேபலை அடிக்கும்போது பிள்ளைகள் ஓடி வந்து அம்மாவை மறைத்து நிற்கும். அவன் அள்ளிக்கொண்டு போய் மாடியில் விடுவான். திரும்ப இறங்கி ஓடி வரும். திரும்பத் தூக்கிக்கொண்டு போவான். திரும்ப வரும். அந்த இடத்தில் டைரக்டர் யார் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டதே.

ஆனாலும் 'ஹஸ்பண்ட்ஸ்' பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெறவில்லை. விமர்சகர் பாலின் கேல் இவருடைய படங்களை விளாசியதையும் வெறும் வன்மம் என்று தள்ள வேண்டாம். மேபல் படத்தை அவர், மனநல மருத்துவர் ஆர்.டி. லைங்கின் கொள்கையை விளக்க எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்று எழுதினார். அது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் இவர் படங்களில் களைப்பு ஒரு உத்தியாகவே பயன்படுகிறது என்பது உண்மை. பார்க்கிறவரை அடித்து உட்கார வைப்பது.

திண்டுக்கல்_தனா:
'எ வுமன்' இப்பதான் பார்த்து முடிச்சேன். அந்தச் சாப்பாட்டு மேஜைக்காகவே பார்த்தேன். எனக்கு இப்ப யாரும் பேச வேண்டாம்.

அடுத்து எது?

இரவுக்காட்சி:
'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி'. கேங்ஸ்டர் படம்னு நினைச்சு உட்காருங்க, அது வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகும். காஸ்மோ விட்டெல்லி (பென் கஸாரா) லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன நடன விடுதி நடத்துகிறான். கடைசித் தவணை கட்டி விடுதியை மீட்ட அன்றைக்கே சூதாட்டத்தில் தோற்றுத் திரும்பக் கடனாளி. கடனுக்குப் பதிலாக ஒரு ஆளைக் கொல்லச் சொல்கிறார்கள். கொலை செய்யப் போகிற வழியில் போன் பூத்தில் நிறுத்தி, விடுதிக்குப் போன் போட்டு, இப்போது மேடையில் எந்த அயிட்டம் ஓடுகிறது என்று கேட்கிறான். அவனுக்குக் கவலை ஷோ நடக்கிறதா என்பதுதான். அந்த ஷோ மகா மட்டம். அவனுக்கு அது உயிர். காஸ்மோதான் கசாவெட்டிஸ், கந்துவட்டிக்காரர்கள்தான் ஸ்டூடியோக்காரர்கள். கஸாராவே பின்னாளில் இந்த அர்த்தத்தில் பேசியிருக்கிறார்.

76-ல் வெளியாகி படுதோல்வி, சீக்கிரமே தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 78-ல் அவரே சுருக்கித் திரும்ப விட்டார், 135 நிமிடம் 108 ஆனது. அடுத்து வந்த 'ஓப்பனிங் நைட்' அமெரிக்காவில் கண்ணிலேயே படவில்லை. பெர்லின் திரைப்பட விழாவில் ஜீனாவுக்கு நடிகை விருது கிடைத்ததோடு சரி. அந்த இரண்டு அடிக்குப் பிறகு 'குளோரியா', விற்பதற்கென்றே எழுதிய கதை. கொலம்பியா எடுத்தது. வேடிக்கை, வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் அதற்குத்தான் வந்தது, லூயி மாலின் 'அட்லாண்டிக் சிட்டி'யோடு பங்கு போட்டு.

கொலம்போ_ரசிகன்:
'லவ் ஸ்ட்ரீம்ஸ்' யாரும் சொல்லவில்லையே! 1984, கேனன் கம்பெனி தயாரிப்பு. அடிதடிப் படம் எடுக்கிற கோலன், குளோபஸ் ஆட்கள் இதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதே அதிசயம். இது மேடை நாடகமாக நடந்தபோது அண்ணன் வேடம் செய்தவர் ஜான் வாய்ட். படத்தைத் தானே இயக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டதால், கசாவெட்டிஸே நடித்தார். ஏற்கெனவே உடம்பு கெட்டுவிட்டது, டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள். ஷூட்டிங் சொந்த வீட்டிலேயே. தங்கை வேடத்தில் ஜீனா. அண்ணனுக்கு அன்பு செலுத்த ஏதாவது வேண்டும் என்று குட்டிக் குதிரைகள், ஆடு, கோழி, நாய் என்று ஒரு பட்டாளத்தையே டாக்சியில் கொண்டுவந்து இறக்குவார். அந்தக் காட்சியில் கசாவெட்டிஸ் விழிக்கிற விழி இருக்கிறதே! பெர்லின் விழாவின் முதல் பரிசான தங்கக் கரடி கிடைத்தது. 1989 பிப்ரவரியில் இறந்தார், கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்), 59 வயது. நடுவில் 'பிக் டிரபிள்' என்று ஒன்று வந்தது. வேறொருவர் பாதியில் விட்ட படம், அவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஃபோகஸ்_புல்லர்:
தனா, 'புக்கி' பார்க்கிறதா இருந்தா 78 வடிவம் பாருங்க. இறுக்கமா இருக்கும், மேடை அயிட்டங்கள் அளவா வரும்.

இரவுக்காட்சி:
தனா, அவர் பேச்சைக் கேட்காதீங்க. 76 பாருங்க. அந்த மட்டமான ஷோவில் நாமும் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அப்போதுதான் காஸ்மோ ஏன் அதை விட மாட்டேன் என்கிறான் என்பது பிடிபடும்.

ஃபோகஸ்_புல்லர்:
சுருக்கினது அவரே சார். படைச்சவர் சொன்னதைக் கேளுங்க.

வெண்திரை_வேணி:
'ஷேடோஸ்' சண்டை திரும்ப ஆரம்பிச்சாச்சு. தனா, இரண்டையும் பார்த்துவிட்டு நீங்களே வந்து எழுதுங்கள்.

திண்டுக்கல்_தனா:
ரெண்டுமா?? மொத்தம் நாலு மணி நேரம்! ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்.